அரை மைலுக்கு ஒரு வீடு: நெப்ராஸ்கா பயணக் குறிப்புகள்

புதன், பியாட்ரிஸ்

காலையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் கிளம்பி, லிங்கன் நகர் வழியாகத் தெற்கே இறங்கி, மதியத்துக்கு முன்பே பியாட்ரிஸ் வந்து சேர்ந்துவிட்டோம். நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் புல்வெளியில் வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள் பிறந்த ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி போனில் ஒருமுறை சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து, "அமெரிக்கா வந்தா அங்கதான் கூட்டிட்டுப் போகோணும் கண்ணு" என்று ஒரே பிடியாக நின்றார். நயாகரா எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அக்டோபர் தொடக்கம். சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கிறது. அறுவடை இயந்திரங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன, ஆனால் ஆளைத்தான் காணோம்.

பார்க்க வந்த இடம் ஊருக்கு மேற்கே சில மைல் தள்ளியிருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. 1862 மே 20 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்துக்கான நினைவிடம் இது. 160 ஏக்கர் நிலம். ஐந்து வருஷம் அதில் குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் வைத்துக் காட்டினால் பட்டா உன் பெயருக்கு. மொத்தக் கட்டணம் 18 டாலர். 21 வயது ஆனவர்கள், குடும்பத் தலைவர்கள், மணமாகாத பெண்கள், கணவனை இழந்தவர்கள், குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த வெளிநாட்டவர்கள் எல்லோரும் கேட்கலாம். இப்படிப் பட்டா வாங்கியவர்கள் 16 லட்சம் பேர். அவர்களுக்குப் போன நிலம் 27 கோடி ஏக்கர், அதாவது அந்த நாட்டு நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. நெப்ராஸ்காவில் மட்டும் ஏறக்குறைய பாதி மாநிலம் இந்தச் சட்டத்தில்தான் கைமாறியது.

வண்டி நிறுத்தும் இடத்தைச் சரியாக ஒரு ஏக்கர் அளவில் போட்டிருக்கிறார்கள். அப்பா அதை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "இது மாதிரி நூத்தி அறுபதா" என்று கேட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எனக்குள் இன்று ஆழமாக இறங்கிய விஷயம் வேறு. 160 ஏக்கர் என்பது பக்கத்துக்கு அரை மைல் நீளமுள்ள சதுரம். அவரவர் நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. போகெமியாவிலிருந்தும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ஜெர்மனியிலிருந்தும் வந்த பலர் தெருவாகச் சேர்ந்து வாழ்ந்த கிராமத்து ஆட்கள். வீடு ஊருக்குள், வயல் ஊருக்கு வெளியே என்றிருந்தவர்களை இந்தச் சட்டம் பிய்த்துப் பிய்த்து ஆளுக்கொரு சதுரத்தில் உட்கார வைத்தது. ரயில் கம்பெனிகளுக்குக் கொடுத்த நிலம் ஒன்றுவிட்டு ஒன்றாக இடையில் வரும் இடங்களில் அந்த அரை மைல் இன்னும் நீளும். நிலம் கொடுத்த அதே கைதான் தனிமையையும் கொடுத்தது என்று நினைக்கிறேன். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

இந்தச் சட்டப்படி முதலில் நிலம் கேட்டவர்களில் ஒருவர் டேனியல் ஃப்ரீமன். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்று, நள்ளிரவு தாண்டியதுமே பிரௌன்வில் நில அலுவலகத்தைத் திறக்க வைத்துப் பதிவு செய்தார் என்பார்கள். பூங்கா இருப்பது அவருடைய நிலத்தில்தான். அவர் கல்யாணக் கதை முழுக்க தபாலில் நடந்தது. அவருடைய சகோதரர் ஜேம்ஸ் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் அயோவாவில் இருந்த ஆக்னஸ் சூட்டர். துக்கத்தில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து மெல்லத் திசை மாறி, டேனியல் கடிதத்திலேயே பெண் கேட்டு, 1865-இல் கல்யாணம் முடிந்தது. அடுத்தவன் அனுப்பிய கடிதமாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தின் உறை வந்தாலே அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரையும் இந்த நிலத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பூங்காவில் நூறு ஏக்கர் அளவுக்குப் பழைய உயரப் புல்லை மறுபடி வளர்த்திருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் செம்பழுப்பாகி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. உள்ளே பாதையில் நடந்தால் முன்னால் போகிற அப்பாவின் தொப்பிகூடத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. இந்தப் பக்கமெல்லாம் ஓட்டோ–மிசௌரியா என்ற பூர்வகுடி மக்களின் பூமி. பிக் ப்ளூ ஆற்றோரம் அவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தையும் விட்டு 1881-இல் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வைத்தார்கள். காலி நிலம் என்று யாருக்கும் கிடைக்கவில்லை. காலியாக்கப்பட்ட நிலம்தான் கிடைத்தது.

வியாழன், ஃபில்மோர் கவுண்டி வழியாக

இன்று முழுக்க வண்டி ஓட்டம். வில்பர் என்ற ஊரில் நிறுத்தினோம், செக் வம்சாவளியினர் ஊர். கொலாச்சே என்ற வட்டமான இனிப்பு ரொட்டி வாங்கினேன், நடுவில் கசகசா வைத்தது. அப்பாவுக்குப் பிடித்துப்போய் இரண்டாவதையும் அவரே எடுத்துக்கொண்டார். மற்றபடி நேற்று செய்துகொண்டு வந்த புளிசாதம்தான்.

மேற்கே ஃபில்மோர் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). இங்கே பார்க்க ஒன்றுமில்லை, சோளமும் சோயாவும் வானமும்தான், ஆனாலும் நான் வேண்டுமென்றே இந்த வழியாக வந்தேன், ஏனென்றால் யுரையா ஓப்ளிங்கர் நிலம் பிடித்தது இந்தக் கவுண்டியில். இந்தியானா மாநிலத்திலிருந்து 1872-இல் வந்தார். மனைவி மேட்டியும் எல்லா (Ella) என்ற கைக்குழந்தையும் ஊரிலேயே இருந்தார்கள். இவர் இங்கே உழுது, மண் வீடு கட்டி, கடிதம் கடிதமாக எழுதித் தள்ளி, அடுத்த வருஷம் அவர்களை ரயிலில் வரவழைத்தார். அவர்கள் குடும்பத்துக் கடிதங்கள் ஏறக்குறைய 3,000 பக்கம் நெப்ராஸ்கா வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. சாதாரண ஒரு விவசாயியின் வீட்டுக் கடிதம் இவ்வளவு மிஞ்சியது பெரிய பாக்கியம் என்பேன்.

மண் வீடு என்றால் நம் ஊர்ச் சுவர் மாதிரி குழைத்து வைத்ததில்லை. புல்வேர் பின்னிக் கிடக்கும் மேல்மண்ணை, அதற்கென்றே செய்த கலப்பையால் ஓரடி அகலப் பட்டையாக அறுத்து, மண்வெட்டியால் மூன்றடி நீளத் துண்டுகளாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் போல அடுக்குவார்கள். மரம் கிடையாது, கல் கிடையாது, வேறு வழியில்லை. 16க்கு 20 அடி வீடு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தின் மேல்மண் போய்விடும். கோடையில் குளுகுளு, குளிர்காலத்தில் கதகதப்பு. ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும், அதுவும் சேறாக ஒழுகும். வானம் வெளுத்த பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். மண்ணும் பூச்சியும் சமயத்தில் பாம்பும் சாப்பாட்டில் விழாமலிருக்க, கூரைக்கு அடியில் மஸ்லின் துணியை இழுத்துக் கட்டுவார்கள். அடுப்புக்கு விறகு கிடையாது. முறுக்கிய காய்ந்த புல், சோளக் கட்டை, மாட்டுச் சாணம் காய்ந்தது. ஊரிலிருந்து வந்த பெண்கள் முதலில் அந்தச் சாணத்தைத் துணி வைத்துப் பிடித்து எடுத்தார்களாம், கொஞ்ச நாளில் வெறும் கையால்.

இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துதான் மேட்டி 1873 ஜூனில் தன் சொந்தங்களுக்கு எழுதுகிறார், நான் நினைத்ததைவிட வீடு நன்றாகவே இருக்கிறது என்று. அதைவிட முக்கியமாக, இங்கே குத்தகைக்காரர் என்று யாருமில்லை, போடுகிற ஒவ்வொரு அடி உழைப்பும் நமக்கே, பாதி அடுத்தவனுக்கில்லை என்று எழுதுகிறார். நேற்று இரவு விடுதியில் இதை அப்பாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பத்தில் பிறந்தவர் அவர். மறுபடி படிக்கச் சொன்னார்.

அந்தக் காலக் கடிதங்களில் பலவும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். நாங்கள் எல்லோரும் சுகம், இந்தச் சில வரிகள் வந்து சேரும்போது நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம், இப்படிப் போகும். இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல் என்று நாம் எழுதியதேதான். அப்பா சொன்னார், "அந்த மொத வரிய யாரும் படிக்க மாட்டாங்க கண்ணு. அந்த மொத வரி இல்லைன்னாத்தான் பதறுவாங்க."

கடிதம் ஒரு ஆளுக்கு மட்டும் வருவதில்லை. பலபேருக்கும் சேர்த்து ஒன்றாக எழுதி அனுப்புவார்கள், அது கைமாறிக் கைமாறி வீடு வீடாகப் போகும். அரை அவுன்ஸுக்கு மூன்று சென்ட் தபால்தலை, 1883-இல் தான் இரண்டு சென்ட் ஆனது. எடை கூடாமலிருக்க, எழுதி முடித்த தாளைத் திருப்பிப் பிடித்து முதல் வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள் சிலர். உள்ளே குழந்தையின் முடி ஒரு சுருள், புதுச் சட்டை தைத்த துணியில் ஒரு துண்டு, விதை கொஞ்சம். உறைக்குக் கறுப்பு ஓரம் இருந்தால் பிரிக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

1874 கோடையில் வெட்டுக்கிளி வந்தது. ராக்கி மலை வெட்டுக்கிளி, வானத்தை மறைத்துக்கொண்டு இறங்கி, பயிரைத் தின்று, வெங்காயத்தை மண்ணுக்குள்ளேயே குடைந்து தின்று, கடைசியில் கொடியில் காய்ந்த துணியையும் மண்வெட்டிப் பிடியில் கை வியர்வை ஊறிய இடத்தையும் கூடக் கடித்தது. அந்தக் குளிர்காலத்தில் கிழக்கேயிருந்து பழைய உடைகளும் சாமான்களும் பெட்டி பெட்டியாக வந்தன. ராணுவமே கோட்டும் பூட்ஸும் கொடுத்தது. எத்தனையோ குடும்பங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயின. ஓப்ளிங்கர் குடும்பம் போகாமல் அங்கேயே இருந்தது. ஆனால் 1880-இல் பிரசவத்தில் மேட்டி இறந்துபோனார். ஏழு வருஷ மண் வாழ்க்கை. ஜெனீவா ஊரைத் தாண்டும்போது அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரவு புரோக்கன் போ ஊரில் தங்கல். கிராண்ட் ஐலண்டிலிருந்து நெடுஞ்சாலை 2 வழியாக வந்தால் நிலம் மெல்ல மேடு பள்ளமாகும், நன்றாக இருக்கிறது.

வெள்ளி, கஸ்டர் கவுண்டி

டெலவேர் மாநிலத்தைவிடப் பெரிய கவுண்டி இது. இங்கே வந்தது சாலமன் புட்சர் எடுத்த படங்களுக்காக. அவரும் இங்கே நிலம் பிடித்துப் பார்த்து, விவசாயம் ஒத்துவராமல் விட்டவர். 1886-இல் இந்தக் கவுண்டியின் வரலாற்றைப் படமாகவே எடுத்துவிடுகிறேன் என்று குதிரை வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். கையில் காசில்லாத வீட்டில் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தால் போதும். கஸ்டர் கவுண்டியிலும் சுற்றியுமாக அவர் எடுத்தவை ஏறக்குறைய 3,000 கண்ணாடி நெகட்டிவ்கள். 1899-இல் அவருடைய வீடு எரிந்து கையெழுத்துப் பிரதியெல்லாம் சாம்பலானபோது, நெகட்டிவ்கள் தானியக் களஞ்சியத்தில் இருந்ததால் தப்பின.

பெரும்பாலான படங்களில் குடும்பம் வீட்டுக்கு வெளியே நிற்கும். மண் வீட்டின் உள்ளே வெளிச்சம் போதாது என்பது ஒரு காரணம். ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள், இருப்பதிலேயே நல்ல சாமான்களையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல குதிரை முன்னால் வரும். தையல் இயந்திரம், பறவைக் கூண்டு, பூந்தொட்டி. சார்ஜென்ட் ஊருக்கு வடக்கே எடுத்த ராவ்டிங் குடும்பத்துப் படத்தில் மேஜை போட்டுத் தர்ப்பூசணியை அறுத்து வைத்திருக்கிறார்கள், பின்னால் வீட்டுக் கூரை மேலேயே மாடு நிற்கிறது, வீடு மேட்டோடு ஒட்டியிருப்பதால்.

நான் எத்தனை முறை பார்த்தாலும் மனம் நிறைகிற படம் ஹில்ட்டன் குடும்பத்தினுடையது. கால்நடைகள் நிற்கும் வெட்டவெளி முற்றத்தில், புழுதித் தரையில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் ஒன்று நிற்கிறது, செதுக்கு வேலைப்பாடெல்லாம் வைத்து உயரமாக. அதைச் சுற்றி அப்பா, அம்மா, பிள்ளைகள். வீடு படத்தில் இல்லை. தன்னிடம் ஆர்கன் இருப்பதைக் கிழக்கே இருக்கும் சொந்தபந்தங்களுக்குக் காட்ட வேண்டும் திருமதி ஹில்ட்டனுக்கு. ஆனால் மண் வீட்டில் குடியிருப்பது அவர்களுக்குத் தெரியவே கூடாது. அதனால் அந்தக் கனமான ஆர்கனை வெளியே இழுத்து வந்து, படம் எடுத்து, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அம்மாவோ அக்காவோ நம்மை எப்படி நினைத்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை அந்தப் பெண்ணிடம் இருந்தது, அதை அவர் பயன்படுத்தினார். கடிதங்களிலும் இதேதான் நடக்கிறது. புதிதாக வந்தவர்கள் கஷ்டத்தை அளந்துதான் எழுதுகிறார்கள். கூரை ஒழுகியதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பட்டாணி நன்றாகக் காய்த்திருக்கிறது என்று அரைப் பக்கம் போகும். ஊரில் இருப்பவர்கள் கவலைப்படக் கூடாது, அதோடு அவர்களும் கிளம்பி வந்து பக்கத்துச் சதுரத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருக்கிறது. அப்படி ஒருவர் எழுதி இன்னொருவர் வந்து, அவர் எழுதி அடுத்தவர் வந்துதான் இந்தக் கவுண்டிகள் நிரம்பின. அப்பா அந்தப் படத்தின் பிரதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே கண்ணு. ஆர்கன் அவங்களோடதுதானே."

இன்னொரு படம், வெஸ்டர்வில் பக்கம் எடுத்தது. ஜெர்ரி ஷோர்ஸ் குடும்பம், 1887. அடிமையாக இருந்து விடுதலையானவர். பக்கத்திலேயே நிலம் பிடித்த மோசஸ் ஸ்பீஸ் அவருடைய உடன்பிறந்தவர். ஆளுக்கொரு எஜமானரிடம் இருந்ததால் அந்தந்த எஜமானரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது, ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பப் பெயர். விற்கவும் பிரிக்கவும் பட்டவர்கள் கடைசியில் ஒரே கவுண்டியில் பக்கம் பக்கமாகக் குடியிருந்தார்கள் என்பதை நினைத்தால், மற்றவர்களுக்குத் தூரத்தைக் கொடுத்த சட்டம் இவர்களுக்குச் சேர்ந்து வாழ ஒரு இடம் கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும்.

மதியத்துக்கு மேல் காம்ஸ்டாக் பக்கம் டௌஸ் மண் வீட்டுக்குப் போனோம். 1900-இல் கட்டியது, 1959 வரை ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள், பிறகு பாழடைந்து கிடந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கடைசி சில மைல் சாலை மண் சாலை, மழை பெய்தால் போகாதீர்கள். ஜன்னலைத்தான் நான் பார்க்க விரும்பினேன். சுவர் அவ்வளவு கனம் என்பதால் ஜன்னல் உட்பக்கத்தில் ஒரு ஆள் ஏறி உட்காரலாம், முழங்கை நீட்டினாலும் கண்ணாடி எட்டாது. மண் வீடுகளில் பூந்தொட்டிகள் வைத்தது இந்தத் திண்டில்தான். பகலில் எழுத்து வேலைக்குப் போதுமான வெளிச்சம் விழுகிற ஒரே இடமும் இதுதான். அப்பா அங்கே கையை வைத்து, தாளைப் பிடிப்பது போலப் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். சரியாக இடது தோளுக்கு மேலே.

1888 ஜனவரி 12 பனிப்புயல் பற்றியும் எழுத நினைத்தேன். காலையில் இதமாக இருந்த நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் புயல், இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பலர் குழந்தைகள். கிழக்கே செய்தித்தாளில் படித்த உறவினர்கள் ஒரு கடிதம் வரும்வரை எப்படி இருந்திருப்பார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், இன்று இதற்கு மேல் முடியவில்லை.

சனி, லிங்கன்

திரும்பி லிங்கன் வந்துவிட்டோம். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகத்தில் காலை போனது. ஒட்டுத்துணிப் போர்வைகள் இத்தனை அழகாக இருக்கும் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது கையெழுத்துப் போர்வைகளின் கதை. மேற்கே கிளம்புகிற பெண்ணுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களும் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு சதுரம் தைத்து, அதில் மையால் தங்கள் பெயரை எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துப் போர்வையாக்கிக் கொடுத்து அனுப்புவார்கள். பிறகு அவர்களில் ஒருவரையும் வாழ்நாளில் பார்க்காமலே போன பெண்கள் உண்டு. போர்த்துகிறவளுக்கு எழுத்தெல்லாம் உடம்பின் மேல்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவோடு தபால் பேச்சுத்தான். தொடக்க காலத்தில் அஞ்சலகம் என்பது யாராவது ஒரு குடியேறியின் மண் வீட்டு மூலை. ஒரு பெட்டியில் கடிதங்கள் கிடக்கும், உழவு முடிந்தவன் எப்போதாவது குதிரையில் வந்து தன் வீட்டுக்கும் வழியில் இருக்கும் நாலு வீட்டுக்கும் சேர்த்து வாங்கிப் போவான். அறுவடைக் காலமென்றால் வாரக்கணக்கில் கடிதம் காத்துக் கிடக்கும். பண்ணை வாசலுக்கே தபால் கொண்டுவரும் திட்டம் 1896-இல் சோதனையாக மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கி, 1902-இல் நிரந்தரமானது. வாசலில் பெட்டி வந்தது. ஆயிரக்கணக்கான குட்டி அஞ்சலகங்கள் மூடப்பட்டன. 1913-இல் பார்சலும் வீட்டுக்கே வந்தது.

அந்த மூடல் அப்பாவை உறுத்தியது. தன் வீட்டுத் திண்ணையில் அஞ்சலகம் நடத்தியவருக்கு உறுத்தாதா. "பெட்டிக்குத் தபால் வந்தது நல்லதுதான். ஆனா தபால் வாங்க வர்றவங்கதான் உக்காந்து நாலு வார்த்த பேசிட்டுப் போவாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு யாரு எழுதிக் குடுத்திருப்பா?" என்றார். நியாயமான கேள்வி. மாதம் ஒருமுறை இன்னொரு முகத்தைப் பார்க்க இருந்த காரணமும் அதோடு போனது. ஆனால் பனியில் கடிதத்துக்காகப் பத்து மைல் போகாமல் வீட்டு வாசலிலேயே மகளின் கையெழுத்தைப் பார்க்கிற அம்மாவை நினைத்தால், நான் பெட்டியின் பக்கம்தான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பிடும்வரை வாதாடினோம்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஓப்ளிங்கர் குடும்பக் கடிதங்களும் புட்சர் படங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துப்பிழைகளோடு அப்படியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், கண் பழக இரண்டு மூன்று கடிதம் ஆகும். 1872–73 கடிதங்களில் ஆரம்பியுங்கள், யுரையா தனியாக இருந்தபோது மேட்டிக்கு எழுதியவை, அதில் அந்த மனிதரின் ஏக்கம் அப்படியே இருக்கிறது. மேட்டி போன பிறகு அவர் லாரா பேக்கன் என்ற பெண்ணை மணந்துகொண்டார், ஊர் ஊராக அலைந்தார், 1901-இல் இறக்கும்வரை நிலம் என்ற ஒன்று அவர் கையில் நிலைத்து நிற்கவில்லை என்பதைக் கடிதங்களில் தொடர்ந்தே பார்க்கலாம். அப்பா 1873-ஐ முடித்துவிட்டு, இப்போது டேப்லட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு அடுத்த வருஷத்துக்குப் போயிருக்கிறார். வெட்டுக்கிளி வருஷம். நாளை ஒமாஹா திரும்புகிறோம்.